சிறிய பானையும் பங்குச் சண்டையும்

கல்முனைக் கரையோர ஊர்களில் வைத்தியக் கல்வியைப் பற்றிப் பேச்செழுந்தால், ‘கோட்டா’ என்ற சொல் உடன் வந்து நிற்கும். பங்கு எவ்வளவு என்று நாம் நெடுங்காலமாய்ச் சண்டையிட்டு வருகிறோம். பானை ஏன் இத்தனை சிறியது என்ற கேள்விக்கு விடை வேண்டுவோர் வரலாற்றைச் சற்றே புரட்டுதல் நன்று.

பறங்கி நோயால் வன்னிக் கிராமங்கள் வெறிச்சோடியதை ஆராய்ந்தவர் டாக்டர் ஜேம்ஸ் லூஸ். 1870 ஜூனில் கொழும்பில் 25 மாணவருடன் வைத்தியப் பாடசாலை திறக்கப்பட்டபோது அவரே அதன் முதல் அதிபரானார். கோப்பிப் பணம் கொழித்த காலம் அது. ஆயினும் அப்பாடசாலைக்கு நிலையான இடம் வேண்டியபோது காணி கொடுத்தவர் சாம்சன் ராஜபக்ஷ முதலியார். கட்டடம் எழுப்பியவர் சார்ல்ஸ் டி சொய்சா. தனவந்தர் தயவில் அரசாங்கம் செலவை மிச்சம் பிடிக்கும் வழக்கம் அத்துணைப் பழையது!

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்த பின்னரே மருதமுனை நெசவாளியின் பிள்ளையும் சாய்ந்தமருது மீனவனின் பிள்ளையும் டாக்டராகலாம் என்ற எண்ணம் முளைத்தது. பாடசாலைகள் பெருகின; தகுதி பெற்றோர் தொகை ஆண்டுதோறும் உயர்ந்தது. வைத்திய பீடமோ 1962 வரை கொழும்பில் மட்டுமே இருந்தது. அவ்வாண்டில் பேராதனையும் சேர்ந்தது. அதன்பின் 1978இல் யாழ்ப்பாணத்தில் பீடம் அமையும்வரை நாடு முழுமைக்கும் இரண்டே பீடங்கள்.

இந்நெருக்கடியில், திறைசேரியைத் திறப்பதற்குப் பதிலாக ஆட்சியாளர் புள்ளிக் கணக்கைத் திருத்தினர். 1971இல் வைத்தியத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளி போதும். தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும். தமிழிற் கற்ற எமது முஸ்லிம் மாணவரும் இவ்வநீதிக்கு இரையாயினர். பின்னர் 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாணத்தில் அடைந்த கதவு அம்பாறைக் கரைக்குச் சிறிது திறந்தது. பின்தங்கிய ஊர்களுக்கு அது நியாயமே. நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரே மொழி பேசுவோர் ஒருவரையொருவர் முறைத்துப் பார்க்க, செலவை ஒடுக்கியவர்கள் நடுவர்களாய் வீற்றிருந்தனர்.

1977க்குப் பின் நிகழ்ந்தது இன்னும் வெளிப்படையானது. 1981இல் வட கொழும்பு தனியார் வைத்தியக் கல்லூரி கட்டணத்துக்கு மாணவரைச் சேர்த்தது. அவர்கள் பயின்ற கட்டில்களோ ராகமை அரசாங்க வைத்தியசாலைக்குரியவை! பொதுப் பணத்தில் வளர்ந்த வைத்தியசாலை, காசுள்ளோரின் வகுப்பறையாயிற்று. மாணவர் வருடக்கணக்கில் எதிர்த்தனர்; 1989இல் அரசாங்கம் அதனை ஏற்றது; 1991இல் அது களனிப் பல்கலைக்கழகத்தின் பீடமாயிற்று. மாலபேயில் அதே வியாபாரம் மீண்டும் தலைதூக்கி, மாணவர் போராட்டத்தின் பின் 2018இல் முடிவுற்றது. இடையில் 2012இல் விரிவுரையாளர்கள் மூன்று மாதம் பணிநிறுத்தம் செய்து, தேசிய வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு வேண்டும் என்றனர். அது கிடைக்கவில்லை.

கிழக்குக்கு வைத்திய பீடம் மட்டக்களப்பில் வந்தது 2000களின் நடுப்பகுதியில்; கொழும்புப் பாடசாலை தோன்றி ஏறக்குறைய 135 ஆண்டுகளின் பின்.

2022இல் நாடு கடனிறுக்க முடியாது என அறிவித்தபின் வைத்தியர் பலர் கடல் கடந்தனர். அவர்களைப் பயிற்றிய செலவில் வயற்காரனின் வரியும் உண்டு. பயன் செல்வந்த நாடுகளுக்கு. கல்முனையிலோ இரண்டு ஆதார வைத்தியசாலைகள் அருகருகே நிற்கின்றன. எது எச்சமூகத்துக்குரியது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இரண்டிலும் பணிபுரிய வேண்டிய நிபுணரை எவர் செலவில், எத்தனை பேரைப் பயிற்றுவது என்பதோ அரிதாகவே மேடையேறுகிறது.