இணையத்தின் சாவியை மாற்றிய கதை

2018-ஆம் வருடம் அக்டோபர் 11-ஆம் தேதி, இந்திய நேரப்படி இரவு 9.30 மணிக்கு இணையத்தின் தலைமைச் சாவியை மாற்றினார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. தெரியாமல் போனதுதான் அந்த வேலையின் வெற்றி. நான் காமர்ஸ் படித்துவிட்டு வங்கிக்கு வந்தவன், கம்ப்யூட்டர் ஆள் இல்லை. ஆனால் இந்தக் கதையைப் படிக்கப் படிக்க எங்கள் தொழில் மாதிரியே இருந்தது. அதனால் வங்கி பாஷையிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அடிப்படை. நீங்கள் ஒரு இணைய முகவரியைத் தட்டியதும் அதற்குரிய எண்ணைத் தேடித் தரும் ஏற்பாட்டுக்கு டிஎன்எஸ் என்று பெயர். டெலிபோன் டைரக்டரி மாதிரி. 1980-களில் இதை வடிவமைத்தவர்கள், வருகிற பதில் உண்மையா பொய்யா என்று பார்க்க வழி வைக்கவில்லை. 2008-ல் டான் காமின்ஸ்கி என்ற ஆய்வாளர், நடுவில் பொய்யான எண்ணைத் திணிப்பது எவ்வளவு சுலபம் என்று காட்டினார். அதாவது, முகவரியைச் சரியாகத்தான் தட்டுவீர்கள், போய்ச் சேருவதோ போலி வங்கித் தளத்தில்!

இதற்கு மருந்து டிஎன்எஸ்செக். ஒவ்வொரு பதிலிலும் ஒரு மின்கையெழுத்து இருக்கும். வங்கியின் முகவரிக்கு '.இன்' சாட்சி, '.இன்'னுக்கு அதற்கும் மேலே இருக்கும் ரூட் சாட்சி. ரூட்டுக்கு மேலே யாரும் இல்லை. அந்த ரூட் 2010 ஜூலை 15 முதல் கையெழுத்துடன் வருகிறது.

கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி இரண்டே இடங்களில்தான் இருக்கிறது. ஒன்று அமெரிக்காவின் கிழக்கே கல்பெப்பர், மற்றொன்று மேற்கே எல் செகண்டோ. இரண்டையும் பார்த்துக்கொள்வது ஐகேன் அமைப்பு. நம் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு அதிகாரிகள் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும் இல்லையா? அங்கே ஒவ்வோர் இடத்துக்கும் பல நாடுகளைச் சேர்ந்த ஏழு பேரை நியமித்திருக்கிறார்கள். அதில் மூன்று பேராவது இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடி, அடுத்த மூன்று மாதத்துக்கான கையெழுத்துகளைப் போடுகிறார்கள். எல்லாவற்றையும் நேரலையில் யாரும் பார்க்கலாம்.

சரி, பத்திரமாக வைத்தாயிற்று. மாற்றுவது எப்படி? கஷ்டம் அங்கேதான் ஆரம்பம்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டிமாண்ட் டிராஃப்டுக்கு நல்ல மவுசு. டிராஃப்டில் கையெழுத்திடும் அதிகாரியின் மாதிரிக் கையெழுத்து எல்லாக் கிளைகளிலும் இருக்க வேண்டும். புது அதிகாரியின் மாதிரி ஒரு கிளைக்கு வந்து சேராவிட்டால், டிராஃப்ட் உண்மையானதாகவே இருந்தாலும் அங்கே காசு கிடைக்காது. கல்லூரிக் கட்டணத்துக்காக டிராஃப்ட் எடுத்த பையன் என்ன பாவம் செய்தான்? தப்பு அவன் மேல் இல்லை, ஆனால் அலைச்சல் மட்டும் அவனுக்கு.

ரூட் சாவி விஷயமும் இதேதான். கையெழுத்துப் போடும் சாவி இரண்டு இடத்தில். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவியோ, அதாவது மாதிரிக் கையெழுத்து, உலகம் முழுக்க எத்தனையோ இணைய நிறுவனங்களின் கணினிகளில். யாரிடம் இருக்கிறது என்று முழுப் பட்டியல்கூட கிடையாது. புதுச் சாவியை 2016 அக்டோபரில் உருவாக்கினார்கள். 2017 ஜூலை 11 அன்று பழையதோடு சேர்த்து வெளியிட்டார்கள். 30 நாள் தொடர்ந்து கண்ணில் பட்டால் கணினிகள் தாமாகவே அதை நம்பத் தொடங்கும் என்பது ஏற்பாடு. மாற்றும் நாள் 2017 அக்டோபர் 11. பாதிக்கப்படக் கூடியவர்கள் சுமார் 75 கோடிப் பேர் என்பது ஐகேனின் மதிப்பீடு.

அந்த நாளுக்கு இரண்டு வாரம் முன்பு, செப்டம்பர் 27 அன்று, ஐகேன் அதைத் தள்ளிவைத்தது. பல கணினிகள் இன்னும் பழைய சாவியை மட்டுமே வைத்திருப்பதாகப் புள்ளிவிவரம் வந்ததுதான் காரணம். தேதி குறித்து உலகத்துக்கே அறிவித்த பிறகு 'நிறுத்து' என்று சொல்வது லேசுப்பட்ட காரியமா? மேலிடம் குறித்த தேதிக்காகவே ஓடுகிற அலுவலகங்கள் எத்தனை பார்த்திருக்கிறோம்! ஒரு வருடம் முழுக்க ஆராய்ந்து, மீண்டும் மீண்டும் எச்சரித்து, அப்புறம்தான் 2018-ல் மாற்றினார்கள். பெரிய சேதம் எதுவும் இல்லை. பழைய சாவியை 2019 ஜனவரியில் ரத்து செய்தார்கள்.

ஒரு வேடிக்கையும் உண்டு. 2020 பிப்ரவரியில் எல் செகண்டோவில் கையெழுத்துச் சடங்குக்குத் தயாரானால், ஒரு இரும்புப் பெட்டகத்தின் பூட்டு மக்கர் செய்துவிட்டது. பூட்டு ஆசாமியை வரவழைத்துத் துளை போட்டுத் திறந்தார்கள். 12-ஆம் தேதி நடக்கவேண்டியது 16-ஆம் தேதி நடந்தது. எங்கள் கேஷியர்கள் கேட்டால் சிரிப்பார்கள் :-) அதே வருடம் ஏப்ரலில், கொரோனாவால் ஆட்கள் பயணம் செய்ய முடியாததால், ஒரே அமர்வில் ஒன்பது மாதத்துக்கான கையெழுத்துகளைப் போட்டு வைத்தார்கள்.

அடுத்த சாவி 2024 ஏப்ரலில் உருவாகிவிட்டது. அது பொறுப்பேற்கக் குறித்த தேதி 2026 அக்டோபர் 11.

ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் '.பேங்க்.இன்' முகவரிக்கு மாற வேண்டும் என்று கெடு வைத்தது. அந்த '.இன்'னுக்கும் மேலே இருப்பது இதே ரூட்தான். நாக்பூரில் என் கவுண்டருக்கு வந்து மொபைலை நீட்டி 'சார், இது உண்மையான தளம்தானா?' என்று கேட்கும் பென்ஷன்தாரருக்கு இந்தக் கதை எதுவும் தெரியவேண்டியதில்லை. ஆனால் பூட்டு எவ்வளவு கெட்டி என்று மட்டும் பேசும் ஐடி ஆட்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: சாவியை மாற்றும்போது கடைசிக் கிளை வரை போய்ச் சேர்ந்ததா என்று யார் பார்ப்பது? உங்கள் அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.