துவக்கும் பாடமும்

2020ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரையிலானோரின் மரணத்துக்கு முதற் காரணமாயிருந்தது துவக்கு. வாகன விபத்தையும் அது முந்திவிட்டது. அம்மரணங்களுட் பெரும்பாலானவை கொலையும் தற்கொலையுமே. கைதவறி வெடித்தவை சிறு பகுதி. எனினும் அந்நாட்டுப் பாடசாலையின் தலையிற் சுமத்தப்பட்டது அச்சிறு பகுதியே ஆதலின், அதன் வரலாற்றை ஆசிரியராகிய நாம் அறிந்திருத்தல் நன்று.

ஒரே பெயரில் இருவேறு பாடங்கள் ஆங்கு வழங்கின. முதலாவது வேட்டைக்காரர் பாடம். 1871இல் தோன்றிய தேசிய றைபிள் சங்கத்தின் துணையோடு, 1949இல் நியூயோர்க் மாநிலம் இளம் வேட்டைக்காரர்க்குப் பயிற்சியை ஏற்படுத்தியது. குழலை ஆட்கள் பக்கம் திருப்பாதே. எத்துவக்கிலும் ரவை உண்டென்றே கொள். இலக்குக்கு அப்பால் நிற்பதையும் அறிந்து சுடு. துவக்கை ஏந்துபவனுக்கே இது புகட்டப்பட்டது. நேர்மையான பாடம், பயனும் விளைந்தது.

இரண்டாவது பாடம் 1988இல் புளோரிடாவிற் பிறந்தது. அதே சங்கத்தைச் சார்ந்த மேரியன் ஹாமர் உருவாக்கிய 'எடி ஈகிள்' என்னுஞ் சித்திரக் கழுகு, துவக்கைக் கண்டால் நில், தொடாதே, விலகி ஓடு, பெரியவரிடஞ் சொல் எனப் பாலருக்குப் போதித்தது. அத்துவக்கு யாருடையது? பூட்டப்படாமல் ஏன் கிடந்தது? இவ்வினாக்களுக்குக் குழந்தையின் பாடத்தில் இடமில்லை. பெற்றோர்க்குப் புத்திமதி, பிள்ளைக்குக் கட்டளை!

2001இல் வெளியான ஆய்வொன்று ஈண்டு நோக்கற்பாலது. 8 முதல் 12 வயது வரையிலான சிறுவர் 64 பேர், இருவர் மூவராக 29 குழுக்களாய், ஓர் அறையில் விடப்பட்டனர். லாச்சிகளில் நீர்த்துப்பாக்கி இரண்டும் உண்மைக் கைத்துப்பாக்கி ஒன்றும் இருந்தன. ஆய்வாளர் ஒருவழிக் கண்ணாடிக்கு அப்பால் இருந்தனர். 21 குழுக்கள் உண்மைத் துவக்கைக் கண்டுபிடித்தன. 16 குழுக்களில் அது கையிலெடுக்கப்பட்டது. 10 குழுக்களில் விசையும் இழுக்கப்பட்டது. எடுத்தோரிலும் இழுத்தோரிலும் 100க்கு 90 பேருக்கு மேல் ஏதோ ஒரு பாதுகாப்புப் போதனையை முன்பே பெற்றவர்கள். மனனஞ் செய்த விடையை ஒப்புவிப்பது வேறு, லாச்சியைத் திறந்தபின் கையை அடக்குவது வேறு. வகுப்பறையில் நின்ற எவர்க்கும் இது வியப்பளிக்காது.

போருக்குப்பின் வன்னிப் பாடசாலைகளிலும் 'தொடாதே' என்ற பாடம் நடந்தது. கண்ணிவெடியைக் கண்டால் விலகு, சொல் என்றே நம் பிள்ளைகளும் கற்றனர். ஆனால் ஆங்கு பாடம் நடந்த அதே காலத்தில், வெளியே வெடியகற்றுவோர் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைத் துழாவிக்கொண்டிருந்தனர். கழுகு பாடஞ் சொன்ன நாட்டிலோ, கடைகளிற் கைத்துப்பாக்கி விற்பனை நடந்துகொண்டிருந்தது.

வேறு வழி இல்லாமலில்லை. சிறுவர் சிலர் சுடப்பட்டதையடுத்து, 1989இல் அதே புளோரிடா, 16 வயதுக்குக் குறைந்தோர் கைக்கெட்டும்படி ரவையேற்றிய துவக்கை விட்டுவைக்கும் பெரியவரைக் குற்றவாளியாக்கும் சட்டத்தை நாட்டிலேயே முதன்முதலாக இயற்றியது. இத்தகைய சட்டங்கள் வந்த மாநிலங்களிற் சிறுவர் தவறுதலாகச் சுடப்படுவது குறைந்தமையைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. பல மாநிலங்கள் புளோரிடாவைப் பின்பற்றின. எல்லா மாநிலங்களும் அல்ல.