சிறாப்பர், உண்டியல், ஓ.ரி.பி: காசை ஆரை நம்பிக் குடுக்கிறது?

இப்ப வங்கிகளுக்குள்ள போனால் ஒரு போஸ்டரைக் காணலாம்: வரிசையில் நிற்கத் தேவையில்லை, எல்லாவற்றையும் போனிலேயே செய்யலாம். அதை வாசிக்கிறது வரிசையில் நிற்கிற ஆக்கள்தான்.

ஒன்லைனா, கிளையா என்ற கேள்வியை நாங்கள் வழக்கமாக வயசுப் பிரச்சினையாகக் கதைக்கிறம். இளசுகள் போன், பெரிசுகள் பாஸ் புத்தகம். வரலாறு படிக்கிற ஆள் எண்டபடியால் எனக்கு இது கொஞ்சம் சின்னக் கேள்வியாகப் படுகுது. இலங்கையில் சாதாரண சனம் வங்கிக் கிளைக்குள் கால் வைக்கத் தொடங்கியே நூறு வருசம் ஆகவில்லை. அதுக்கு முந்தியும் காசு ஊர் விட்டு ஊர், கடல் தாண்டியும் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆரை நம்பிப் போனது என்பதுதான் விசயம்.

முதல்ல ஒரு வங்கி விழுந்த கதை. 19ஆம் நூற்றாண்டின் இலங்கையில் வங்கி என்றால் பிரித்தானிய வங்கி, அதன் வாடிக்கையாளர் என்றால் தோட்டத் துரையும் ஏற்றுமதிக் கொம்பனியும். அவற்றில் பெரியது ஓரியன்டல் வங்கி. அது அடித்த நோட்டுகளும் அப்போது நாட்டில் புழங்கின. கோப்பியில் இலைநோய் விழுந்து தோட்டங்கள் அழிய, தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த வங்கியும் ஆட்டம் கண்டது. 1884 மே மாதம் கதவை மூடியது. கையில் இருந்த நோட்டு வெறும் கடுதாசி ஆகிற நிலை. ஆளுநர் ஆதர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தபிறகுதான் பதற்றம் அடங்கியது. அதே வருசம் நாணயத்தாள் சட்டம் வந்து, நோட்டு அடிக்கிற வேலையை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. இன்றைக்கு எங்கட பொக்கற்றில் இருக்கிற ரூபாத் தாளின் தொடக்கம் ஒரு வங்கியின் பூட்டிய கதவில்தான் இருக்கு. ஆனால் அந்த உத்தரவாதம் நோட்டுக்கு மட்டும்தான், கணக்கில் கிடந்த காசுக்கு இல்லை.

உள்ளூர்க்காரன் அந்த வங்கிகளிடம் நேராகப் போய்க் கடன் கேட்க முடியாது. வங்கிக்கு அவனை ஆரெண்டு தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. இடையில் இரண்டு ஆக்கள் நின்றார்கள். ஒருவர் வங்கியின் சிறாப்பர். காசாளர் மாதிரி, ஆனால் அதைவிடக் கூட: இவர் நல்ல ஆள், கடன் கொடுக்கலாம் என்று வங்கிக்குப் பொறுப்புச் சொல்கிறவர். மற்றவர் நாட்டுக்கோட்டைச் செட்டியார். கொழும்பில் நாங்கள் இப்பவும் செட்டியார் தெரு என்று சொல்கிற இடத்தில் அவர்களின் கிட்டங்கிகள் இருந்தன. வங்கியிடம் செட்டியார் கடன் எடுப்பார், அதைக் கூடிய வட்டிக்குக் கடைக்காரனுக்கும் காணிக்காரனுக்கும் கொடுப்பார். வட்டியைத் திட்டாத ஆள் இல்லை. ஆனாலும் செட்டியாருக்கு உன்னைத் தெரியும், உன்ர தகப்பனைத் தெரியும், காணி எங்க கிடக்கெண்டும் தெரியும். 1925இல் செட்டியார் கடை ஒன்று பெரிய தொகையோடு முறிய, வங்கிகள் செட்டிமாருக்குக் கடன் கொடுக்கிறதை இறுக்கின. பிறகு உலகப் பொருளாதார மந்தமும் சேர, உள்ளூர் வியாபாரிக்கு இருந்த ஒரே வாசலும் ஒடுங்கிப்போச்சு.

மலையகத்தில் நிலைமை வேற. 1888இல் ஹற்றனில் ஒரு வங்கி தொடங்குகிறது, இன்றைய ஹற்றன் நஷனல் வங்கியின் வேர் அதுதான். தொடங்கியவர்கள் இரண்டு வெள்ளைக்காரர், சேவை செய்தது துரைமாருக்கு. அதே மலைச்சரிவில் கொழுந்து எடுத்தவர்களின் ‘கணக்கு’ துண்டு என்கிற ஒரு கடுதாசியில் இருந்தது. கங்காணியினதும் அவரின் ஆட்களினதும் கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கும். மற்றத் தோட்டம் காசைக் கட்டி ஆட்களை எடுக்கும். காசு மனிசரை விட்டு மனிசருக்குப் போகிறதைக் கேள்விப்பட்டிருக்கிறம், இங்க மனிசரே கடுதாசியோடு கை மாறினார்கள். 1921இல்தான் சட்டம் போட்டு நிப்பாட்டினார்கள். வங்கி வரலாற்றுப் புத்தகங்களில் துண்டைப் பற்றி ஏன் எழுதுவதில்லை என்று எனக்கு விளங்குவதில்லை. அதுவும் ஒரு கடன் பத்திரம்தானே.

1934இல் வங்கி ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. இலங்கையருக்குக் கடன் கிடைப்பதில்லை என்ற குறைதான் பின்னணி. அரசின் உதவியோடு ஒரு வங்கி வேணும் என்று அது சொன்னது. 1939 ஓகஸ்ட்டில் இலங்கை வங்கி திறந்தது. 1961இல் அது தேசியமயமானது, அதே வருசம் மக்கள் வங்கியும் உருவானது, கூட்டுறவு இயக்கத்தையும் கிராமத்தையும் குறிவைத்து. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்குள்ளேயே கிராமிய வங்கிகள் வந்தன. சங்கக் கடையில் அரிசி வாங்கப் போன மனிசி பக்கத்தில் காசும் போடலாம். கிளை என்ற ஒன்று எங்கட ஆக்களின்ர வாழ்க்கைக்குள் வந்தது இப்பிடித்தான். சிறாப்பரின் வாய்ச்சொல் இருந்த இடத்துக்குக் கையெழுத்து அட்டையும் லெட்ஜரும் வந்தன.

அந்த லெட்ஜருக்கு ஒரு குறை. அது ஒரு கட்டடத்துக்குள் இருந்தது. கணினி வராத காலத்தில் கணக்கு எந்தக் கிளையில் இருக்கோ காசும் அங்கதான். ஒரே ஊரில் பிறந்து அங்கேயே சாகிறவனுக்கு அது பிரச்சினை இல்லை. 1990இலோ 1995 ஒக்ரோபர் கடைசியிலோ வீட்டை விட்டு ஓடினவனுக்குப் பிரச்சினை. தேசிய அடையாள அட்டை, காணி உறுதி, பாஸ் புத்தகம், அடகு ரசீது: எங்கட வீடுகளில் இதுகளை ஒரே பையில் வைக்கிற பழக்கம் சும்மா வந்ததில்லை. 2009இல் அந்தப் பையையும் விட்டுவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காசு தொலைந்ததைவிட, காசு இருந்தது என்று காட்ட ஒரு துண்டுக் கடுதாசி இல்லாமல் போனதுதான் இழப்பு.

இனி உண்டியல். வங்கி வராத காலத்தில் செட்டிமார் ஊருக்கு ஊர் காசு மாற்றப் பயன்படுத்திய பத்திரத்துக்கு அந்தப் பெயர். 1983க்குப் பிறகு புலம்பெயர்ந்த எங்கட ஆக்கள் அந்தப் பெயரைத் திருப்பி எடுத்தார்கள், கடுதாசியை விட்டுவிட்டார்கள். லண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒரு கடைக்காரரிடம் பவுணையோ டொலரையோ கொடுத்தால் அவர் இங்க ஒருவருக்குக் கோல் எடுப்பார். பெயர், ஊர், தொகை, அவ்வளவுதான். இங்க இருக்கிறவர் தன்ர கையில் இருக்கிற ரூபாவை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார். காசு உண்மையில் கடல் தாண்டவே இல்லை. இரண்டு பேரும் தங்களுக்குள் பிறகு கணக்குத் தீர்ப்பார்கள், சாமான் இறக்குமதியிலோ எதிர்ப்பக்கம் அனுப்ப வேண்டிய காசிலோ. படிவம் இல்லை, கிளை இல்லை, ஆங்கிலம் இல்லை. இதை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்: கிளைக்குப் போகாமல் தூரத்தில் இருந்து காசு மாற்றுகிற தொழிலை எங்கட அம்மம்மாக்கள் எப்பவோ பாவிச்சு முடிச்சிட்டினம்.

அதை நான் புனிதப்படுத்தவில்லை. சட்டப்படி அனுமதி பெற்றவர்கள்தான் வெளிநாட்டுச் செலாவணித் தொழில் செய்யலாம், 2017இன் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டமும் அதைத்தான் சொல்லுது. உண்டியல்காரர் காசோடு மறைந்தால் முறையிட ஒரு இடமும் இல்லை. ஆனால் சனம் ஏன் அதை நம்பினது என்பதுக்கு 2022 நல்ல உதாரணம். டொலரை 203 ரூபா அளவில் மார்ச் தொடக்கம் வரைக்கும் பிடித்து வைத்திருந்தார்கள், வெளியில் விலை அதைவிடக் கூட. வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் வங்கி வழியாக அனுப்பிய தொகை 2020இல் 710 கோடி டொலர், 2022இல் ஏறத்தாழ 379 கோடி. ஆக்கள் காசு அனுப்புறதை நிப்பாட்டவில்லை, வழியை மாற்றினார்கள். இதில் வடக்கு, தெற்கு வித்தியாசமும் இல்லை.

வங்கிகளும் சும்மா இருக்கவில்லை. 80களின் பிற்பகுதியில் கொழும்பில் ஏ.ரி.எம். வந்தது. 2015இல் ஒரு வங்கியில் இருந்து இன்னொன்றுக்கு உடனேயே காசு மாற்றுகிற முறை வந்தது. லெட்ஜர் கட்டடத்தை விட்டு வெளியில் வந்த நாள் என்று நான் அதைத்தான் சொல்லுவன். 95இல் ஓடின ஆளுக்கு இது இருந்திருந்தால் எவ்வளவோ.

ஆனால் 2023ஐப் பாருங்கோ. அஸ்வெசும கொடுப்பனவு நேரே வங்கிக் கணக்குக்குப் போகும் என்றார்கள். நல்ல திட்டம்தான். அந்தக் கணக்கைத் திறக்கக் கைப்பிள்ளைகளோடும் ஊன்றுகோலோடும் சனம் அரச வங்கிகளுக்கு முன்னால் வெய்யிலில் நின்றது. வரிசையை இல்லாமல் ஆக்க வந்த முறை முதலில் ஒரு பெரிய வரிசையை உண்டாக்கியது. காரணம் பழசுதான்: வங்கிக்கு இவர்களை அதுவரைக்கும் தெரியாது. இப்ப அறிமுகப்படுத்த சிறாப்பர் இல்லை, அடையாள அட்டைப் பிரதியும் கிராம சேவகரின் கடிதமும்தான்.

அப்ப நான் எதைச் சொல்றன்? மின்சார பில், ரீலோட், நண்பனுக்குக் கொடுக்க வேண்டிய கொத்துக் காசு, இதுக்கெல்லாம் கிளைக்குப் போறது வீண் வேலை. போன் காணும். ஆனால் சங்கிலியை அடகு வைக்க வேணுமெண்டால் சங்கிலியோடுதான் போகவேணும், எங்கட வீடுகளில் அவசரத்துக்குக் கை கொடுக்கிறது அதுதான். ஓ.ரி.பியை ஆரோ ஏமாற்றி வாங்கிவிட்டால், கணக்கு முடங்கினால், செத்தவரின் காசை எடுக்க வேண்டி வந்தால், அழுதுகொண்டு போய் நிற்க ஒரு கவுண்டர் வேணும். கேட்கிறவருக்குத் தமிழும் தெரிய வேணும். நான் பாவிக்கிற அப் ஒன்றில் மொழியை மாற்றினாலும் பிழை வரும்போது ஆங்கிலத்தில்தான் சொல்லுது. பிழை வராத நேரத்தில் தமிழ் இருந்து என்ன பிரயோசனம்? உண்டியல்காரருக்குக்கூடத் தமிழ் தெரிந்திருந்தது.

எங்கட வீட்டில் இப்ப வெளிநாட்டுக் காசு வங்கி அப்புக்குத்தான் வருது. வந்த தொகையை நான் அம்மம்மாவுக்குத் திரையில் காட்டுவன். அவ கண்ணாடியைப் போட்டு நல்லா வடிவாப் பார்ப்பா. பிறகு பாஸ் புத்தகத்தை எடுத்துத் தந்து, நாளைக்குக் கம்பசுக்குப் போற வழியில் இதை அடிச்சுக்கொண்டு வா எண்டு சொல்லுவா.