ஆபத்தைக் கற்றுக்கொடுத்த ஆசிரியர்

நீங்கள் 1912-ல் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போயிருந்தால் பாடம் எப்படி நடந்திருக்கும் தெரியுமா? பல இடங்களில் விமானத்தில் ஒரே ஒரு கட்டுப்பாட்டுக் கோல்தான் இருந்தது. ஆசிரியருக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் தோளைத் தாண்டிக் கையை நீட்டி அதைத் தொட்டுப் பார்க்கலாம். என்ஜின் சத்தத்தில் அவர் சொல்வது காதில் விழாது. பிரான்சில் வேறு வழி. இறக்கையைக் குட்டையாக்கிய, பறக்கவே முடியாத ஒரு விமானத்தில் உங்களைத் தனியாக ஏற்றித் தரையிலேயே ஓட்டவிடுவார்கள். அதன் பெயர் 'பென்குயின்'!

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. பிரிட்டனுக்கு விமானிகள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். சில மணி நேரமே பறந்து பழகிய இளைஞர்கள் போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே போவதற்கு முன்பே, பயிற்சியில் உயிர்விட்டவர்கள் பலர்.

அவர்கள் மிகவும் அஞ்சியது 'ஸ்பின்' எனப்படும் சுழற்சிக்கு. வேகம் குறைந்து, இறக்கை தூக்கும் சக்தியை இழந்தால், விமானம் சுழன்றபடியே கீழே விழும். பதறிப்போகும் மாணவர் மூக்கை மேலே தூக்கக் கோலைத் தன் பக்கம் இழுப்பார். அதுதான் நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

ராபர்ட் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி, 1914-ல் விபத்தில் சிக்கிக் கால் முறிந்தவர். 1916-ல் பிரான்சில் 60-ஆம் விமானப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். தம்மிடம் வந்து சேரும் இளைஞர்களின் அரைகுறைப் பயிற்சியைப் பார்த்துப் பொறுக்காமல் மேலதிகாரிகளுக்கு எழுதினார். அந்த ஆண்டின் இறுதியில், இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள காஸ்போர்ட் என்ற ஊரின் பயிற்சிப் பிரிவையே அவரிடம் ஒப்படைத்தார்கள்.

அவர் மாணவரை விமானியின் இருக்கையிலேயே உட்காரவைத்தார். அவ்ரோ 504 விமானத்தில் இருவருக்கும் தனித்தனிக் கட்டுப்பாடுகள். ஆசிரியர் பேசுவது மாணவர் காதுக்குப் போக ஒரு ரப்பர் குழாய். பிறகு நல்ல உயரத்துக்குப் போய், வேண்டுமென்றே விமானத்தைச் சுழலவிட்டு மீட்கச் சொல்வார்கள். சுழலும் திசைக்கு எதிராகச் சுக்கானை மிதி, கோலை முன்னால் தள்ளு. ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்ற காரணமும் சொல்லப்பட்டது. மாணவரை ஆபத்திலிருந்து ஒதுக்கி வைப்பதல்ல, அதில் இறங்கி மீண்டு வரப் பழக்குவதே பயிற்சி என்பது அவர் கொள்கை.

1917-ல் அந்தப் பிரிவு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியாக மாறியது. அவருடைய முறை பல நாடுகளுக்கும் பரவியது. போருக்குப் பின் இரட்டைக் கட்டுப்பாடு கொண்ட 'மாத்' வகைச் சிறு விமானங்கள் சாதாரண மக்களின் பறக்கும் கழகங்களுக்கும் வந்தன. பம்பாய்க் கழகத்தில் கற்ற ஜே.ஆர்.டி. டாட்டா, 1929 பிப்ரவரி 10 அன்று இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்றார்.

ஸ்மித்-பாரியின் பாடம் விமானிகளுக்கு மட்டும்தானா? நம் குடியிருப்பில் அடுத்த முறை தீ ஒத்திகைக்கு மணி அடிக்கும்போது, "வெறும் ஒத்திகைதானே" என்று வீட்டுக்குள் இருந்துவிடாதீர்கள். படியில் இறங்கி வாருங்கள். புகை சூழ்ந்த பிறகு வழி தேடுவதைவிட, இன்றே நடந்து பழகுவது நல்லது.