நுகமும் பாரமும்

பினாங்கு ஆற்றுக்குத் தெற்கே ஜெலுத்தோங் என்னும் பகுதி உளது. பாலுடைய ஒரு மரத்தின் மலாய்ப் பெயரே ஊர்ப் பெயராயிற்று. அம்மரத்தின் பாலைச் சூயிங்கம் செய்வதற்கு ஒரு காலத்தில் மேல்நாட்டார் வாங்கினர் என்பது வேறு கதை. ஜெலுத்தோங் சாலையில் படகையோ எந்திரத்தையோ ஏற்றிய டிரெய்லரைப் பிக்கப் லாரி ஒன்று இழுத்துச் செல்லக் காண்போர், அதனைப் புதுக் காலத்துப் புதுமை என்றே கொள்வர். எத்துணைப் பாரத்திற்கு எந்த லாரி ஏற்றது என்ற வினாவோ மிகப் பழையது. எருதைப் பற்றி அதே வினாவை நம் முன்னோர் கேட்டனர், விடையும் கண்டனர்.

சங்க நூல்களில் உமணர் என்போர் உப்பு வணிகர். பெரும்பாணாற்றுப்படை அவர்தம் வண்டியின் உருளையையும் கூரையையும் விரித்துரைத்து, பல எருதுகளோடு அவர்கள் நெடுவழி செல்வதைக் காட்டுகிறது. புறநானூற்று 102ஆம் பாட்டில் ஔவையார் இதனினும் நுட்பமான செய்தி ஒன்றைத் தருகிறார். எருதுகள் இளையன, நுகம் பழகாதவை. வண்டியிலோ பண்டம் மிகுதி. பள்ளத்தில் இறங்க நேருமோ, மேட்டில் ஏற நேருமோ, யாரறிவார்? ஆகவே உமணர் அச்சின் கீழே சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனராம். அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புகழ வந்த உவமை இது. வகுப்பில் நாம் பெரும்பாலும் உவமைநயத்தோடு நின்றுவிடுகிறோம். இழுக்கும் விலங்கின் பழக்கம், ஏற்றிய பாரம், வழியின் மேடுபள்ளம், அச்சின் உறுதி என்னும் நான்கையும் சேர்த்து எண்ணிய தொழிலறிவு அப்பாட்டினுள் இருத்தலை மாணவர்க்கு எடுத்துக் காட்டுவோர் சிலரே.

எருதைத் தெரிவதிலும் தமிழ் உழவர் தோற்றம் ஒன்றையே பார்த்தாரல்லர். வண்டிப் பாரத்திற்குக் காங்கேயம் காளை பேர்பெற்றது. தஞ்சைக் கழனிச் சேற்றுக்கு உம்பளாச்சேரி மாடு. பர்கூர் மலைப்பாதைக்கு அம்மலை மாடே பொருந்தும். ஒன்றன் இடத்தில் மற்றொன்றைப் பூட்டினால் பணம் கொடுத்து வாங்கியவனுக்கும் துன்பம், வாயில்லாப் பிராணிக்கும் துன்பம்.

கணக்கும் கடினமன்று. எருது தன் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு விசையோடு நெடுநேரம் இழுக்க வல்லது. 400 கிலோ எடையுள்ள இரு காளைகள் சேர்ந்தால் 80 கிலோ இழுவை. நல்ல சமதரையில் 1,000 கிலோ வண்டியை ஓட்ட இது தாராளம். இருபது அடிக்கு ஓரடி உயரும் மேடு வந்ததும், அம்மேட்டுக்கென்றே 50 கிலோ இழுவை கூடுதலாக வேண்டும். சமதரையில் விளையாட்டாகச் சென்ற இணை, மேட்டில் நுரை தள்ளுவதன் காரணம் இதுவே. லாரி எந்திரத்திற்கும் இக்கணக்கில் சலுகை கிடையாது.

வண்டிக்காரரின் மற்றொரு சொல் முன்பாரம். இரண்டு சக்கர வண்டியில் சுமை பின்னே மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்னே மிகுந்தால் கழுத்து புண்ணாகும். ஆதலின் முன்பக்கம் சற்றே கனக்குமாறு மூட்டையை அடுக்குதல் அவர் வழக்கம். இன்றைய டிரெய்லர் விதியும் அஃதே: மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு கொக்கியின்மேல் அமர வேண்டும். குறைந்தால் ஓட்டத்தில் டிரெய்லர் வாலைப்போல் ஆடும். லாரியையும் சாய்த்துவிடக் கூடும். 3,500 கிலோ இழுக்கும் என்று விற்கப்படும் பிக்கப் பல உள. அவ்வளவையும் மாட்டினால் கொக்கியில் 350 கிலோ இறங்கும். லாரி தன் முதுகில் சுமக்கக்கூடிய ஒரு டன் அளவிலிருந்து இதனைக் கழித்த பிறகே ஆட்களையும் சாமான்களையும் எண்ண வேண்டும். விற்பவர் முதல் எண்ணைப் பெரிய எழுத்தில் போடுகிறார். இரண்டாம் எண்ணை வாங்குவோர்தாம் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இழுப்பதைவிட நிறுத்துவது அரிது. திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரமும் சுமார் 300 டன் எடையும் உடையது. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கலாம். ஓடத் தொடங்கிய தேரை வடம் நிறுத்தாது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுவோர் உயிரைப் பணயம் வைத்தே அதனைத் திருப்பவும் நிறுத்தவும் செய்தனர். நெடுநாள் நின்றிருந்த அத்தேர் 1970இல் மீண்டும் ஓடியபோது, திருச்சி பெல் தொழிற்சாலையார் உதவியால் இரும்புச் சக்கரமும் பிரேக்கும் பெற்றது. டிரெய்லர் விற்பனையிலும் இதே எச்சரிக்கை உண்டு. தனிப் பிரேக் இல்லாத டிரெய்லராயின் அந்த 3,500 கிலோ பல வண்டிகளுக்கு 750 கிலோவாகச் சுருங்கிவிடும்.

பினாங்கிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சரக்குப் போக்குவரத்து பெரிதும் மாட்டுவண்டியையே நம்பியிருந்தது. ஓட்டியவருள் தமிழர் பலர். 1880களில் நீராவி டிராமும், 1906இல் மின்சார டிராமும் வந்தன. அவற்றின் ஆண்டுகள் ஏட்டில் உள. வண்டிக்காரர் பெயர்களை எழுதி வைத்தார் இலர்.

ஆயினும் எருது முற்றும் விடைபெறவில்லை. நாட்டுக்கோட்டை நகரத்தார் 1894இல் காரைக்குடியில் செய்வித்துக் கப்பலில் பினாங்குக்குக் கொணர்ந்த வெள்ளி இரதத்தைக் காளைகள் இழுப்பதே மரபு. தைப்பூசத்திற்கு முந்தைய நாளான செட்டிப் பூசத்தன்று, பினாங்குத் தெருக் கோயில்வீட்டிலிருந்து தண்ணீர்மலைக் கோயிலுக்கு முருகன் எழுந்தருள்கிறான். வழி நெடுகத் தேங்காய்க் குவியல்கள். உடைத்த தேங்காயின் நீரால் தார்ச்சாலை நனைந்து கிடக்கும். அருச்சனைத் தட்டுக்காக இரதம் அடிக்கடி நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை இழுப்பதைக் காட்டிலும் நின்ற வண்டியை நகர்த்துவதற்கே வலிமை மிகுதியாக வேண்டும். ஆதலின் இங்கே வேகமுள்ள காளையினும், கூட்டத்திற்கும் மேளத்திற்கும் மிரளாது, நூறுமுறை நின்றாலும் நூறுமுறையும் தோள் கொடுத்துக் கிளம்பும் காளையே வேண்டப்படுவது.