வர்த்தக மாணவரும் இசட் புள்ளியும்

தம்பிலுவில் மாணவருக்கு அண்மையிலுள்ள ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ வர்த்தக பீடத்திற்கு உயர்தரப் பரீட்சையே நுழைவாயில். மூன்று பாடங்களினதும் இசட் புள்ளிச் சராசரியே அங்கு தீர்ப்பெழுதுகிறது. தோற்றியோரின் சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு உயர்ந்து நிற்கிறார் என்பதே அந்த அளவு. கடினமான வினாத்தாளில் பெற்ற 65, இலகுவானதில் பெற்ற 75ஐ விஞ்சலாம். ஆகவே கணக்கீடு கைகொடுக்குமென நம்பிப் பொருளியலைப் பின்தள்ளுவது, வர்த்தக மாணவருக்கே அழகல்லாத கணக்கு.

அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் அம்பாறை உள்ளிட்ட பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியது. தமிழ், முஸ்லிம் பாடசாலைகள் நல்லாசிரியர்களைப் பகிர்ந்துகொண்டால் அந்த 40 வீதத்திலும் நமது பிள்ளைகள் இடம்பெறலாம். கடந்தகால வினாத்தாள்களை நேரம் குறித்து எழுதி, பரீட்சைத் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கைகளோடு ஒப்பிடும் பயிற்சியை இப்போதே தொடங்கலாம்.