தோலைப் பார்த்துக் கொடுத்த மருந்து

ஒரே நோய், ஒரே குளிசை. ஒருத்தருக்குக் கேட்குது, பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்குதில்லை. இதற்கு மரபணுவும் ஒரு காரணம் எண்டு மருத்துவம் சொல்லுது. ஆனால் மரபணுவைப் பார்க்காமல், இனத்தைப் பார்த்து அனுமதித்த இதய மருந்து ஒன்றும் இருக்கு. அந்தக் கதையைத்தான் நாங்கள் இங்கே பேசப்போறம்.

மருந்தின் பெயர் பைடில். ஹைட்ரலசின், ஐசோசோர்பைட் டைநைட்ரேட் என்ற இரண்டு பழைய, மலிவான மருந்துகளின் கலவை. இரத்தக்குழாய்களைத் தளர்த்தி, பலவீனமான இதயத்தின் சுமையைக் குறைக்கும். 1986இல் வெளியான அமெரிக்க ஆய்வில் கறுப்பர், வெள்ளையர் என எல்லா நோயாளிகளுக்கும் இது கொடுக்கப்பட்டது, பலனும் தெரிந்தது. 1991இல் எனலாப்ரில் என்ற மருந்து இதை முந்திவிட்டது. 1997இல் பைடிலுக்கு அனுமதி மறுக்கப்பட்டது.

பிறகுதான் பழைய தரவுகளை இனவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். கறுப்பினத்தவருக்குக் கூடுதலாகக் கேட்டது போலத் தெரிந்தது. பழைய காப்புரிமை 2007இல் முடிய இருந்தது. 'கறுப்பின நோயாளிகளுக்கு' என்று எடுத்த புதிய காப்புரிமையோ 2020 வரை நீண்டது.

2004இல் அடுத்த ஆய்வு வெளியானது. பங்குபற்றிய 1,050 பேரும் தங்களைக் கறுப்பினத்தவர் எண்டு சொன்னவர்கள். வழமையான மருந்துகளோடு வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 10.2 வீதமானோர் இறந்தார்கள். பைடிலும் எடுத்தவர்களில் 6.2 வீதமானோர். 2005 ஜூன் 23இல் அனுமதி கிடைத்தது, கறுப்பினத்தவருக்கு மட்டும்.

மருந்து உயிர் காத்தது, அதை மறுக்க ஏலாது. ஆனால் வேறு இனத்தவர் ஒருவரும் அந்த ஆய்வில் இல்லை. அப்படியெண்டால் மற்றவர்களுக்கு இது கேட்காது என்று எப்படிச் சொல்லுறது?

அந்த ஆய்வில் இருந்த சிலரின் மரபணுவைப் பின்னர் ஆராய்ந்தார்கள். ஜிஎன்பி3 என்ற மரபணுவின் ஒரு வகையைக் கொண்டவர்களுக்கே கூடுதல் பலன் இருந்தது போலத் தெரிந்தது. அந்த வகை கறுப்பினத்தவர் எல்லாரிடமும் இல்லை. மற்ற இனத்தவர் சிலரிடமும் இருக்கு. இனத்தை மட்டும் பார்த்தால், பயன்பெறக்கூடிய ஒருவருக்கு மருந்தே கிடைக்காமல் போகலாம்.

நாளைக்கு "இது ஆசியருக்கான மருந்து" எண்டு ஒன்று வந்தால், நாங்கள் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: எந்த மரபணுவைப் பார்த்தீர்கள்? யாரோடு ஒப்பிட்டீர்கள்?